ஸ்ரீ சிட்டியில் ஒரு ஜப்பான் தோசைக்கல்

ரேணிகுண்டா ஸ்டேஷனில் இறங்கிய உடனேயே சியூ லானை ஜப்பான்காரி ஆக்கிவிட்டார்கள். பெட்டிகளைக் கீழே வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தோம். ஆட்டோக்காரர் ஒருவர் என்னையும் லெட்சுமியையும் தாண்டிப் போய் அவள் எதிரில் நின்று, "ஜப்பான்? ஸ்ரீ சிட்டி?" என்று கேட்டார். சியூ லான் தன் துணித் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "இல்லண்ணே, திருப்பதி. சாமி கும்புட வந்தோம்" என்றாள். அவர் பக்கத்திலிருந்தவரிடம் தெலுங்கில் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். அங்கே பூ விற்றுக்கொண்டிருந்த அம்மாதான் எங்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னார்: இந்த ஜப்பான் மேடம் பேசுகிற தமிழில் பாதிகூட எனக்கு வராது என்றாராம் அவர்.

ஸ்ரீ சிட்டியின் தொழிற்சாலைகளுக்கு ஜப்பானிலிருந்து நிறைய பேர் வந்துபோகிறார்களாம். அதனால் இந்தப் பக்கத்தில் அந்த முகத்தோடு யார் இறங்கினாலும் அவர் ஜப்பான்காரர்தான். சியூ லான் மறுத்துச் சொல்லிப் பார்த்தாள். யாரும் கேட்கவில்லை. இரண்டாம் நாளிலிருந்து மறுப்பதையும் விட்டுவிட்டாள்.

நாங்கள் மூன்று பேரும் மலேசியாவில் தைப்பிங்கைச் சேர்ந்தவர்கள். நான் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். லெட்சுமி பள்ளிக்கூடத்தில் சிற்றுண்டிச்சாலை நடத்தியவள். இன்றைக்கும் யார் எதிரே உட்கார்ந்தாலும் அவர்கள் தட்டைத்தான் முதலில் பார்ப்பாள். சியூ லான் மருந்துக்கடையில் இருந்தாள். அவளும் லெட்சுமியும் அடுத்தடுத்த வீடு. பேச்சு வருகிற வயதில் இரண்டு வீட்டிலும் மாறி மாறிக் கிடந்ததால் தமிழ் அவளுக்குத் தானாக வந்தது. எழுதப் படிக்கத்தான் தெரியாது. கணக்குப் போடுவது சீனத்தில், சண்டை போடுவது தமிழில்.

சியூ லானுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்த அன்று, லெட்சுமி யாரிடமும் சொல்லாமல் திருப்பதிக்கு வேண்டிக்கொண்டாள். இவள் பிழைத்தால் வந்து முடி இறக்குகிறேன் என்று. அறுவை, மருந்து, கதிர் எல்லாம் முடிந்து, இனி அவ்வப்போது வந்து காட்டினால் போதும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எங்களிடம் விஷயத்தை அவிழ்த்தாள். சியூ லான் நம்பிக்கை அது இது என்று எதுவும் பேசவில்லை. "நான் பொழைச்சதுக்கு நீ மொட்டை போடப் போறே, நான் வீட்ல ஒக்காந்திருக்கவா?" என்று கேட்டுவிட்டு, பாஸ்போர்ட்டைத் தேட உள்ளே போனாள்.

ஆனால் ஒன்று மட்டும் சரியாகவில்லை. மருந்து ஏற்றிய காலத்தில் போன நாக்கு ருசி அவளுக்குத் திரும்பவில்லை. எதை வாயில் வைத்தாலும் தகரத்தை நக்குவதுபோல இருக்கிறது என்பாள். கஞ்சியும் ரொட்டியும் ஒன்று, மீனும் மாங்காயும் ஒன்று. நேரம் பார்த்துச் சாப்பிடுவாள், மாத்திரை விழுங்குவதுபோல. நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல மாட்டாள், நன்றாக இல்லை என்றும் சொல்ல மாட்டாள். உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது. லெட்சுமிக்கு இதுதான் பெரிய கவலை. கடவுள் முக்கால்வாசி வேலையை முடித்துவிட்டுப் பாக்கியை மறந்துவிட்டார் என்பதுபோல அவளுக்கு ஒரு குறை.

திருப்பதியில் முதல் காலை. எங்கள் ஊரில் பசியாறுவது என்போம், இங்கே டிபன். நாங்கள் தங்கியிருந்த தெருவின் மூலையில் ஒரு சின்ன ஓட்டல். பொங்கல் வந்தது, நெய் இலையில் ஓடியது. வேர்க்கடலைச் சட்னியை வாளியிலிருந்து ஊற்றிக்கொண்டே போனார்கள். இன்னொரு சட்னி சிவப்பாக இருந்தது. அதைத் தொட்டு நாக்கில் வைத்த எனக்குக் காது அடைத்துவிட்டது. எங்கள் ஊர்ச் சம்பலை நினைத்து, காரம் தெரிந்தவள் என்று இத்தனை நாள் மார்தட்டிக்கொண்டிருந்தேன். பரிமாறியவர் என் முகத்தைப் பார்த்து, கேட்காமலே ஒரு கரண்டி தயிர் கொண்டுவந்து ஊற்றினார். அவருக்கு இன்றைக்கும் என் நன்றி. சியூ லான் அதே சிவப்புச் சட்னியைத் தொட்டுப் பொங்கலில் இரண்டு வாய் சாப்பிட்டாள். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. லெட்சுமி தன் இலையைத் தொடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மலை ஏறினோம். நாங்கள் அமர்த்திக்கொண்ட வேனின் ஓட்டுநர் முனிரத்தினம், புத்தூர்ப் பக்கத்துத் தமிழர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு என்று வளர்ந்தவர். வளைவுக்கு வளைவு இரண்டு மொழியிலும் மாறி மாறி எதிர்வண்டிக்காரர்களோடு பேசிக்கொண்டே ஓட்டினார். தைப்பிங்கில் எங்களுக்கும் மலை உண்டு. ஆனால் அது எந்நேரமும் மழையில் நனைந்துகொண்டிருக்கும். இங்கே பாறை செக்கச் செவேலென்று வெயிலில் காய்ந்து, மடிப்பு மடிப்பாக நிற்கிறது.

முடி இறக்கும் கூடத்தில் பெண்களுக்குப் பெண்களே மழிக்கிறார்கள். லெட்சுமிக்கு இடுப்புவரை முடி. எங்கள் ஊர்க் கல்யாணங்களில் அந்தப் பின்னலைப் பார்த்துத்தான் அவளை அடையாளம் சொல்வோம். அவள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். தலையில் தண்ணீர் தெளித்து, மழிக்கிற அம்மா மளமளவென்று இறக்கினார். நான் நுனியில் கொஞ்சம் வெட்டி, பூமுடி மட்டும் கொடுத்தேன். பிறகு அந்த அம்மா சியூ லானைப் பார்த்து, நீங்கள் என்று கையால் கேட்டார். சியூ லான் தொப்பியைக் கழற்றினாள். உள்ளே இப்போதுதான் முளைத்து வந்திருந்த குட்டை முடி. "நான் ஏற்கெனவே ஆஸ்பத்திரில குடுத்துட்டேம்மா" என்றாள். அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. கத்தியை வைத்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, அந்த முடியை ஒரு தரம் தடவிப் பார்த்தார். தெலுங்கில் என்னவோ சொன்னார். வெளியே வந்து முனிரத்தினத்திடம் அந்த வார்த்தைகளைச் சொல்லிக் கேட்டேன். நல்லா அடர்த்தியா வருது, கவலைப்படாதே என்று அர்த்தம் என்றார்.

வேற்று மதத்தவர் கையெழுத்திட வேண்டிய இடத்தில் சியூ லான் கையெழுத்துப் போட்டுவிட்டு எங்களோடு வரிசைக்கு வந்தாள். நீண்ட காத்திருப்பு. எங்களுக்கு முன்னால் ராமகுப்பத்திலிருந்து வந்த ஒரு குடும்பம். பட்டுப்பூச்சி வளர்க்கிறவர்கள். லெட்சுமி யாரைப் பார்த்தாலும் அரைமணிக்குள் சியூ லானின் கதையைச் சொல்லிவிடுவாள். அந்தக் குடும்பத்து அம்மாவிடமும் சொன்னாள், இவள் சரியாகச் சாப்பிடுவதே இல்லை என்று. அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, எங்கள் புழுக்கள்கூடத் தோல் உரிக்கிற நேரத்தில் இலையைத் தொடாது, அப்படியே தலையைத் தூக்கிக்கொண்டு கிடக்கும், அப்புறம் தின்ன ஆரம்பித்தால் இலை போதாது என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். சியூ லான் என் காதருகே குனிந்து, "இப்ப என்னப் புழுவாக்கிட்டாங்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவளுக்குப் பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. போகிற இடமெல்லாம் தன் வயிறு பேச்சுப்பொருள் ஆவது யாருக்குத்தான் பிடிக்கும்?

சந்நிதியில் நின்றது கண் சிமிட்டுகிற நேரம்தான். லெட்சுமியின் சந்தனம் பூசிய தலை எனக்கு முன்னால் தெரிந்தது. அதைத் தாண்டி நான் சாமியைப் பார்த்ததைவிட அந்தத் தலையைப் பார்த்ததே எனக்கு நிறைவாக இருந்தது. மலைமேல் பெரிய கூடத்தில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டோம். சோறு, சாம்பார், ரசம், மோர். பரிமாறியவர்கள் நிற்கவே இல்லை. யார் வீட்டுப் பிள்ளைகளோ, யாரோ போட்ட அரிசி. எத்தனை ஊர்க்காரர்கள் பக்கத்துப் பக்கத்தில்! சியூ லான் ரசம் ஊற்றிக் கொஞ்சம் சாப்பிட்டாள். லெட்சுமி, "இன்னும் ஒரு வாய்" என்றாள். இன்னும் ஒரு வாய் சாப்பிட்டாள்.

சனிக்கிழமை காலையில் திருப்பதியை விட்டுக் கிளம்பினோம். விமானம் மறுநாள்தான், சென்னைக்கு நிதானமாகப் போனால் போதும். போகிற வழியில் சுருட்டப்பள்ளியைப் பார்க்க வேண்டும் என்று லெட்சுமி சொல்லியிருந்தாள். புத்தூரில் தேநீருக்கு நிறுத்தினார் முனிரத்தினம். எலும்பு முறிந்து அந்த ஊர் வைத்தியரிடம் கட்டுப்போட வந்தவர்கள் கையையும் காலையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆட்டோக்களில் போய்க்கொண்டிருந்தார்கள். அவரவர் ஊர்ப்பெயரைச் சொல்லி, எப்படி விழுந்தேன் என்று தேநீர்க் கடையில் நின்று கதை சொல்கிறார்கள். ஒருவர் மாமரத்திலிருந்து விழுந்தவர். இன்னொருவர் நின்ற இடத்திலேயே விழுந்தவர். அவர் கதைக்குத்தான் கடையில் ஆதரவு அதிகம்.

அதன்பிறகு மாந்தோப்பும் கரும்பும் வேர்க்கடலைக் கொல்லையுமாக வழி. கடைப் பலகைகளில் தெலுங்கு, கடைவாசலில் தமிழ்.

சுருட்டப்பள்ளியில் சிவன் படுத்திருக்கிறார். லிங்கமாகவும் இல்லை, ஆடிக்கொண்டும் இல்லை. அம்மன் மடியில் தலையை வைத்து நீளமாகப் படுத்திருக்கிறார். சியூ லான் அங்கே நெடுநேரம் நின்றாள். "இவருக்கு என்னா?" என்று கேட்டாள். உலகத்தைக் காப்பாற்ற விஷத்தைக் குடித்துவிட்டு, மயக்கம் வந்து படுத்துவிட்டார் என்று லெட்சுமி சொன்னாள். சியூ லான் மருந்துக்கடைக்காரியின் அக்கறையோடு, "அப்புறம் சரியாயிட்டாரா?" என்றாள். பக்கத்தில் நின்ற அர்ச்சகர் திரும்பிப் பார்த்து, எழுந்துவிட்டாரம்மா, ஆனால் கொஞ்ச நேரம் யாரும் தொந்தரவு செய்யாமல் விட்டார்கள் என்றார். புராணத்தில் அப்படி இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

வண்டியில் ஏறியதும் சண்டை வந்தது. லெட்சுமி பிரசாதப் புளியோதரையைப் பிரித்து சியூ லானிடம் நீட்டினாள். அவள் ஒரு வாய் எடுத்தாள். லெட்சுமி இன்னும் ஒரு வாய் என்றாள். எடுத்தாள். மறுபடியும் என்றாள்.

சியூ லான் பொட்டலத்தை மடித்து இருக்கையில் வைத்தாள். "லெட்சுமி, நான் மெல்றப்ப என் வாயையே பாக்குறே. முழுங்குறப்ப என் தொண்டையப் பாக்குறே. எனக்கு உன் முன்னால சாப்புடவே பயமா இருக்கு" என்றாள். லெட்சுமி, உன் நல்லதுக்குத்தானே, முடியைக்கூடக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேனே என்று ஆரம்பித்தாள். அப்போதுதான் சியூ லானிடமிருந்து அது வந்தது.

"நானா கேட்டேன்?"

முனிரத்தினம் கையை நீட்டிப் பாட்டை நிறுத்தினார். லெட்சுமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான். இரண்டு பேர் சொன்னதும் எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

ஊத்துக்கோட்டை வழியாகப் போனால் ரோடு மோசம், சத்தியவேடு போய் தடாவில் ஹைவேயைப் பிடித்துவிடலாம் என்றார் முனிரத்தினம். சத்தியவேடு தாண்டி, ஸ்ரீ சிட்டியின் அகலச் சாலைகளும் உயரமான விளக்குக் கம்பங்களும் தெரியத் தொடங்கிய இடத்தில், வண்டியின் முன்பக்கத்திலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. ஓரங்கட்டி மூடியைத் திறந்து பார்த்தார். தண்ணீர்க் குழாய் வெடித்துவிட்டது. வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது.

"தெரிஞ்ச மெக்கானிக்கு ஒருத்தன் தடாலேந்து வந்துக்கினு கீறான்மா. நீங்க வெயில்ல நிக்காதீங்க. தோ, அந்த மாடில ஜப்பான் ஓட்டல் கீது" என்று கை காட்டினார். பிறகு சியூ லானைப் பார்த்து, மிகுந்த மரியாதையோடு, "உங்க ஊரு சாப்பாடுதானம்மா, துன்னுட்டு வாங்க" என்றார். மூன்று நாட்களாக அவள் தமிழிலேயே அவரோடு பேசி வந்திருக்கிறாள்.

சியூ லானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லெட்சுமி சிரிக்கவில்லை.

மாடியேறினால் குளிர்ந்த, சின்னக் கடை. மரமேசைகள். ஒவ்வொரு மேசையின் நடுவிலும் கறுப்பாக, வழவழவென்று ஓர் இரும்புத் தகடு பதித்திருந்தது. பரோட்டாக் கல்லை வெட்டி எடுத்து மேசைக்குள் இறக்கியதுபோல. அடியில் எரிவாயு. ஒரு மேசையில் வழுக்கைத் தலையும் கண்ணாடியுமாக வயதான ஜப்பானியர் ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். வேறு யாரும் இல்லை.

பரிமாறும் பெண் வந்து சியூ லானுக்கு ஜப்பான் மொழியில் வணக்கம் சொல்லிக் குனிந்தாள். சியூ லானும் குனிந்துவிட்டு, "தமிழ்லயே சொல்லும்மா" என்றாள். அந்தப் பெண் கொஞ்சம் தடுமாறிப்போனாள். அவள் பெயர் கோமதி. சத்தியவேட்டுக்குப் பக்கத்து ஊர், நெல்லும் கடலையும் போடுகிற குடும்பம். இங்கே வேலைக்கு வந்து, வருகிறவர்களோடு பேசிப் பேசியே ஜப்பான் மொழியில் ஓரளவு தேறியிருக்கிறாள்.

லெட்சுமியின் மொட்டைத் தலையையும் அதிலிருந்த சந்தனத்தையும் பார்த்த கோமதி, நாங்கள் கேட்குமுன்னரே வழி சொன்னாள். "அக்கா, இன்னிக்கு சனிக்கெழம. எங்க ஊர்லயும் முட்டகூட துன்ன மாட்டாங்க. ஜன்னல்கிட்ட கீற கல்லுல கறி, மீனு எதுவும் படாது. அது சுத்தக் கல்லு. நீங்க அங்க ஒக்காருங்க." முட்டை சேர்க்காத மாவு தனியாகக் கலக்கி வைத்திருப்பதாகவும் சொன்னாள். இதற்கென்றே சனிக்கிழமைகளில் வரும் உள்ளூர்ப் பிள்ளைகள் இருக்கிறார்களாம்.

ஊருக்குத் திரும்பும்வரை லெட்சுமியும் நானும் சைவம். சியூ லானுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அவளுக்கு இறாலும் முட்டையும்தான் டாக்டர் சொன்னது. ஆகவே மேசை பிரிந்தது. காலியாக இருந்த மற்றக் கல்லெல்லாம் அணைத்துக் கிடந்ததால், கோமதி அந்த ஜப்பானியரிடம் ஏதோ கேட்டாள். அவர் எழுந்து தன் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டார். சியூ லான் அங்கே போய் உட்கார்ந்தாள். லெட்சுமிக்கு முதுகுப்பக்கம் அந்த மேசை. எனக்கு நேர் எதிரே.

உணவின் பெயர் ஒகொனொமியாகி. மாவும் துருவிய கிழங்கும் கலந்து, அதில் மலைபோல் நறுக்கிய கோஸ். கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்து நம்மையே சுட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். எங்கள் ஊர் முர்தபா ரொட்டியும் இந்த ஊர் ஊத்தப்பமும் ஒரே வீட்டில் பிறந்திருந்தால் இப்படித்தான் இருந்திருக்கும். இரண்டு விரல் கனத்துக்கு வட்டமாக ஊற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

அங்கே சியூ லானிடம் அந்த ஜப்பானியர் உற்சாகமாக நீளமாக என்னவோ கேட்டார். அவள் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "எனக்கு இது தெரியாதுங்க. நான் மலேசியாக்காரி, சீனச்சி. தமிழ் வேணா பேசுவேன்" என்றாள். கோமதி அதை மொழிபெயர்த்தபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். "தமிள் கொஞ்சம் கொஞ்சம்" என்றார். தொழிற்சாலையில் வேலை செய்பவர்களிடம் கற்றது. போதும், சரி, மெதுவா, சாப்டாச்சா. இவ்வளவுதான். ஆனால் ஓர் ஆளுக்குச் சமைக்கச் சொல்லிக்கொடுக்க இது போதும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அவர் பெயர் தனாகா. அவள் ஊற்றினாள், "மெதுவா" என்றார். இறாலை அடுக்கினாள், "சரி" என்றார்.

எங்கள் கல்லில் லெட்சுமி பழக்கதோஷத்தில் தோசைத் திருப்பியால் அதை அழுத்தினாள். அந்த மேசையிலிருந்து தனாகா பதறிப்போய்க் கையை ஆட்டினார். "அமுக்காதீங்கன்றாரு அக்கா. அமுக்கினா கல்லு மாதிரி ஆயிடும், அதும்பாட்டுக்கு வேகட்டும்ன்றாரு" என்றாள் கோமதி. லெட்சுமி கையை எடுத்துக்கொண்டாள். ஆனால் தாமதம், எங்களுடையது பிளந்துவிட்டது.

சியூ லான் இரண்டு கையிலும் இரண்டு திருப்பிகளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். தனாகாவும் எழுந்து நின்றார். அவர் தலையசைக்க, அவள் ஒரே வீச்சில் திருப்பினாள். வட்டம் குலையாமல் விழுந்தது. தனாகா கைதட்டினார். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த ஆளும் கைதட்டினார். சியூ லானின் முகம் சிவந்துபோயிருந்தது. அந்த முகத்தை நான் பார்த்து வெகுநாளாகிவிட்டது. அங்கே யாருக்கும் அவள் நோயாளி இல்லை. ஜப்பான்காரி முகத்தோடு இந்த வேலையில் கெட்டிக்காரியாக இருக்க வேண்டிய ஓர் ஆள், கெட்டிக்காரியாகவும் இருந்துவிட்டாள், அவ்வளவுதான்.

பிறகு அவளுடையதன் மேல் கறுப்பாக, கெட்டியாக ஒரு சாறு பூசி, வெள்ளையாக இன்னொன்றைக் கோடு கோடாக இழுத்து, கடற்பாசித்தூள் தூவி, சீவிய கருவாட்டை மேலே போட்டாள் கோமதி. சூட்டில் அந்தச் சீவல்கள் உயிருள்ளவைபோல நெளிந்தன. சியூ லான் ஒரு துண்டு வெட்டித் தட்டில் எடுத்தாள்.

லெட்சுமி திரும்பவில்லை. கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, தட்டைப் பார்த்தபடி, உதடு அசையாமல் என்னிடம் கேட்டாள்: "சாப்புடுறாளா?"

"திரும்பாதே" என்றேன்.

"நான் திரும்பல. நீ பாத்துச் சொல்லு."

சியூ லான் மென்றாள். ஒரு நிமிடம் மெல்லுவதை நிறுத்தினாள். அவள் ஏதோ யோசிப்பதுபோல இருந்தது. தனாகா அவளைப் பார்க்கவே இல்லை. தன்னுடையதை வெட்டுவதில் மும்முரமாக இருந்தார். பிறகு சியூ லான் கோமதியைக் கூப்பிட்டு, "இது ரொம்ப இனிப்பா இருக்கேம்மா" என்றாள்.

லெட்சுமியின் கையிலிருந்த திருப்பி கல்லில் விழுந்தது.

இத்தனை மாதத்தில் அவள் ஓர் உணவைப் பற்றிச் சொன்ன முதல் குறை அது. கோமதிக்கு அது எப்படித் தெரியும்? வாடிக்கையாளர் குறை சொல்கிறாரே என்று மன்னிப்புக் கேட்டாள். சாறு அப்படித்தான் இருக்கும் அக்கா, காரம் வேண்டுமா என்றாள். மிளகாய்த்தூள் எடுக்க உள்ளே போனவள், வெளியே வரும்போது தன்னுடைய சாப்பாட்டு டப்பாவைக் கொண்டுவந்தாள். அதில் பழுத்த மிளகாய்த் தொக்கு இருந்தது. நேற்று வீட்டில் அரைத்ததாம். சியூ லான் துளி எடுத்துத் துண்டின் மேல் தடவிச் சாப்பிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது. மூக்கை உறிஞ்சினாள். "உறைக்குது" என்று தமிழில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அடுத்த துண்டை எடுத்தாள்.

நான் லெட்சுமியிடம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். எடுத்தாள். மென்றாள். இன்னொன்று எடுத்தாள். லெட்சுமி மேசையின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி, எதிர்ச்சுவரிலிருந்த மீன்படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். அவள் கன்னம் நனைந்து, முகவாயிலிருந்து சொட்டியது. துடைக்கக்கூட இல்லை, துடைத்தால் பின்னாலிருப்பவளுக்குத் தெரிந்துவிடும்.

எங்கள் பிளந்த வட்டம் கருகத் தொடங்கியிருந்தது. சியூ லான் அதை அங்கிருந்தே பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். இந்தக் கல்லுக்கென்று இருந்த திருப்பிகளைக் கோமதியிடம் வாங்கி, துண்டுகளைச் சேர்த்துக் கூட்டித் திருப்பிப் போட்டாள். "இப்படிப் போட்டு அமுக்குனா என்னாத்துக்கு ஆகும்?" என்றாள். லெட்சுமியின் முகத்தைப் பார்த்தாள். அங்கேயே நின்றாள்.

தனாகா அப்போது கோமதியிடம் தாழ்ந்த குரலில் எதையோ கேட்டார். கோமதி தயங்கினாள். பிறகு எங்களிடம், "தப்பா நெனச்சிக்காதீங்க அக்கா. அவங்க ஊர்ல பொம்பளைங்க மொட்ட போட்டா சந்நியாசின்னு அர்த்தமாம். இந்த அக்கா சந்நியாசியான்னு கேக்கறாரு. கோயிலு வேண்டுதலுன்னு சொல்லிடட்டா?" என்றாள்.

லெட்சுமி தலையாட்டப் போனாள். அதற்குள் சியூ லான் பேசிவிட்டாள்.

"எனக்காகன்னு சொல்லு. எனக்கு ஒடம்பு முடியாம இருந்துச்சு, நான் பொழைக்கணும்னு இவ குடுத்தான்னு சொல்லு."

கோமதி எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவரிடம் திரும்பிச் சொன்னாள். அவளுக்கு எல்லா வார்த்தையும் கிடைக்கவில்லை என்பது தெரிந்தது. பாதியைச் சொல்லாலும் பாதியைக் கையாலும் சொன்னாள். ஓரிடத்தில் தன் பின்னலைப் பிடித்துக் காட்டி, சியூ லானின் பக்கம் கையை நீட்டினாள்.

தனாகா கையிலிருந்ததைத் தட்டில் வைத்தார். எழுந்து, மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து, எங்கள் ஜன்னலோர மேசைக்கு எதிரே நின்றார். கைகளைத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு லெட்சுமியை நோக்கி ஆழமாகக் குனிந்தார். குனிந்தவர் உடனே நிமிரவில்லை.

லெட்சுமி கன்னத்தை முக்காட்டால் துடைத்துக்கொண்டு அரைகுறையாக எழுந்தாள், உட்கார்ந்தாள், கைகூப்பினாள். பிறகு அவளுக்குத் தெரிந்த ஒரே வழியில் பதில் சொன்னாள். "அவரப் போய் ஒக்காரச் சொல்லும்மா. சாப்பாடு ஆறிடும்."

சியூ லான் தன் மேசைக்குத் திரும்பிப் போய், அவளுடைய தட்டை எடுத்துக்கொண்டு வந்து, லெட்சுமிக்கு எதிரே, என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மீதியை எங்களோடு சாப்பிட்டு முடித்தாள். லெட்சுமி அவளை நிமிர்ந்து நேராகப் பார்த்தாள். சியூ லான் மென்றுகொண்டே இருந்தாள்.